பலமான எதிராளியிடம் டிராவுக்கு ஆடுவதா, மோதிப் பார்ப்பதா?

ஸ்விஸ் முறையில், அதாவது தோற்றவரும் வெளியேறாமல் எல்லா ரவுண்டும் ஆடும் முறையில், நடக்கும் செஸ் போட்டிகளில் முதல் ரவுண்டு பேரிங் (யாருக்கு யார் எதிராளி என்ற பட்டியல்) எப்படி வரும் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியும். ரேட்டிங் (ஒருவரின் பலத்தைக் காட்டும் எண்) வரிசைப்படி பட்டியலை நடுவில் வெட்டி, மேல் பாதியின் முதல் ஆளைக் கீழ்ப் பாதியின் முதல் ஆளோடு மோத விடுவார்கள். இரண்டாம் ஆளுக்கு இரண்டாம் ஆள், இப்படியே கடைசி வரை. அதனால் கீழ்ப் பாதியில் இருப்பவருக்கு முதல் நாளே முந்நூறு, நானூறு புள்ளி கூடுதலான ஒருவர் எதிரே வந்து உட்காருவார். அதில் ஜெயித்துவிட்டால் அடுத்த ரவுண்டிலும் அப்படி ஒருவர்தான் வருவார். எனவே பலமானவரிடம் எப்படி ஆடுவது என்ற கேள்விக்குப் போட்டிக்குப் போகும் முன்பே ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

பொதுவாக நான்கு வழிகளைச் சொல்வார்கள். காய்களை வெட்டி வெட்டிக் குறைத்து டிராவை நோக்கிப் போவது ஒன்று. ஆட்டத்தைக் கலவரமாக்கி, யார் வேண்டுமானாலும் விழலாம் என்ற நிலைக்கு இழுப்பது இன்னொன்று. எதிராளி எதிர்பார்க்காத ஓப்பனிங்கை, அதாவது தொடக்க நகர்வுகளைப் போட்டுத் திகைக்க வைக்கலாம். அல்லது எதிரே யார் இருந்தாலும் வழக்கமான ஆட்டத்தையே ஆடலாம். முதல் வழிதான் பாதுகாப்பானது என்று பலரும் நம்புகிறார்கள். என் கணிப்பில் நான்கிலும் ஆபத்தானது அதுதான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஓர் ஆட்டத்தில் வெற்றிக்கு ஒரு புள்ளி, டிராவுக்கு அரை. ரேட்டிங்கைக் கணக்கிடும் எலோ முறைப்படி, ரேட்டிங்கில் எதிராளியைவிட 200 குறைவாக இருப்பவருக்கு ஓர் ஆட்டத்தில் எதிர்பார்க்கப்படுவது 0.24 புள்ளி. 300 குறைவென்றால் 0.15. 400 என்றால் 0.08. ஆனால் அந்த 0.15 எந்த வழியில் வரும் என்பதை எலோ சொல்வதில்லை. நூறு ஆட்டத்தில் 30 டிரா, 70 தோல்வி என்றாலும் சராசரி 0.15தான், 15 வெற்றி, 85 தோல்வி என்றாலும் அதேதான். டிராவுக்கு ஆடுவதா, மோதுவதா என்ற விவாதமே இந்த இரண்டு கலவைகளில் உங்கள் கைக்கு எது வரும் என்பது பற்றியதுதான். ஆடும் முறையை மாற்றினால் டிராக்களின் எண்ணிக்கை கூடலாம். ஆனால் அதற்காக இழக்கும் வெற்றிகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வெற்றியை விட்டுக்கொடுத்தால் இரண்டு டிராவாவது கூடுதலாகக் கிடைத்தால்தான் கணக்கு சரியாகும்.

ரேட்டிங் பக்கம் பார்த்தால், 30 ஆட்டங்களைத் தாண்டிய, 2400-ஐ ஒருபோதும் தொடாத பெரியவர்களுக்கு கே-ஃபாக்டர் (ஓர் ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) 20. முந்நூறு புள்ளி கூடுதலானவரிடம் தோற்றால் 3 புள்ளி போகும். டிரா என்றால் 7 வரும், வெற்றி என்றால் 17. பதினெட்டு வயதுக்குட்பட்டு 2300-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு கே-ஃபாக்டர் 40 என்பதால் இதெல்லாம் இரட்டிப்பு. போவது 3, வரக்கூடியது 17. இது தெரிந்த பிறகும் எத்தனையோ பேர், குறிப்பாகச் சிறு பிள்ளைகள், தோற்றுவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தோடு பலகை முன் உட்காருவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

சரி, காய் வெட்டும் வழிக்கு வருவோம். வெள்ளைக் காய்களோடு ஆடுகிறவர் எக்ஸ்சேஞ்ச் பிரெஞ்சு, எக்ஸ்சேஞ்ச் ஸ்லாவ் போன்ற ஓப்பனிங்குகளைத் தேர்ந்தெடுப்பார். நடுச் சிப்பாய்கள் சீக்கிரமே வெட்டுப்பட்டு இரு பக்கமும் கண்ணாடிபோல ஒரே அமைப்பாக நிற்கும். அதன் பிறகு யானை, குதிரை, மந்திரி என்று கைக்கு எட்டிய ஜோடியையெல்லாம் மாற்றிக்கொண்டே போவார். காய்கள் குறைந்தால் தவறுவதற்கான வாய்ப்பும் குறையும் என்பது இதன் தர்க்கம். கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

தவறு எங்கே என்றால், பலமான ஆட்டக்காரரின் பலம் எதில் இருக்கிறது என்பதில். இரண்டு சிப்பாய் அமைப்புகள் ஒன்றுபோல இருக்கும்போது எந்த மந்திரியை வைத்துக்கொள்வது, எந்தக் குதிரையைக் கொடுப்பது, ராஜாவை எப்போது நடுவுக்குக் கொண்டு வருவது என்ற சின்னச் சின்ன முடிவுகள்தான் ஆட்டத்தை நகர்த்தும். 1500 ரேட்டிங்குக்கும் 1900-க்கும், 2000-க்கும் 2400-க்கும் உள்ள இடைவெளி அதிகம் தெரிவது இந்த முடிவுகளில்தான். நேரடித் தாக்குதலைக் கணக்குப் போடுவதில்கூட ரேட்டிங் குறைந்தவர் சில நாள் பலமானவருக்குச் சமமாக நின்றுவிடுவார். ஆனால் நான்கு யானையும் பத்துச் சிப்பாயும் மிஞ்சிய ஒரு வறண்ட எண்ட்கேமில் (காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில்) இருபது நகர்வு தொடர்ந்து சரியாக ஆடுவது அனுபவம் கேட்கும் வேலை. கணினி அந்த நிலையைப் பூஜ்யம், அதாவது சமம் என்று காட்டும். மனிதர்களுக்கு அது பூஜ்யம் இல்லை. கபாபிளாங்காவில் தொடங்கி கார்ப்போவ், கார்ல்சன் வரை பல பெரிய ஆட்டக்காரர்கள் எண்ணற்ற புள்ளிகளைக் கறந்தது எதிராளி ‘இது டிராதானே’ என்று நினைத்த நிலைகளில்தான்.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஒவ்வொரு ஜோடிக் காயை மாற்றும்போதும் யாராவது ஒருவர் ஒரு நகர்வு செலவழிக்கிறார், அல்லது எதிராளியின் காய் ஒன்று நல்ல கட்டத்துக்கு வந்து சேர்கிறது. மாற்றுவதையே குறிக்கோளாக வைத்திருப்பவர் இந்தச் செலவைக் கவனிப்பதில்லை. நான்கு ஜோடி போன பிறகு பார்த்தால் எதிராளியின் காய்கள் எல்லாம் வேலை செய்துகொண்டிருக்கும், தன்னுடையவை எல்லாம் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

செஸ் வரலாற்றில் இதற்கு நல்ல சாட்சி 1990-இல் மணிலாவில் நடந்த, உலக சாம்பியன் பட்டத்துக்கான தகுதிச் சுற்றுகளில் ஒன்றான இன்டர்சோனல் போட்டி. கடைசி ரவுண்டில் மிகைல் குரேவிச்சுக்கு ஒரு டிரா போதும். அடுத்த கட்டமான கேண்டிடேட்ஸ் சுற்றுக்குப் போய்விடலாம். வெள்ளைக் காய்கள் வேறு. எதிரே நைஜல் ஷார்ட். குரேவிச் தேர்ந்தெடுத்தது எக்ஸ்சேஞ்ச் பிரெஞ்சு. அன்று ஷார்ட் ஜெயித்துத் தகுதி பெற்றார், குரேவிச் வெளியேறினார். இருவரும் ஏறக்குறைய சமபலம் உள்ளவர்கள். அப்படிப்பட்ட இடத்திலேயே கையில் வெள்ளையோடு டிராவைத் தேடி ஆடியவருக்கு அது கிடைக்கவில்லை என்றால், முந்நூறு புள்ளி குறைவானவர் என்ன செய்வார்? 1914-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் லாஸ்கர் கபாபிளாங்காவை வென்ற ஆட்டத்தையும் இங்கே சொல்லலாம். முன்னணியில் இருந்தவர் கபாபிளாங்கா. லாஸ்கருக்கு வெற்றி தேவைப்பட்டது. அவர் போட்டது எக்ஸ்சேஞ்ச் ரூய் லோபஸ் என்ற ஓப்பனிங். ஏழாவது நகர்வுக்குள் ராணிகள் பலகையை விட்டுப் போய்விட்டன. லாஸ்கர் ஜெயித்தார். ராணி இல்லாத ஆட்டம் அமைதியான ஆட்டம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

காய் வெட்டும் வழி முழுக்கத் தவறு என்று நான் சொல்லவில்லை. எண்ட்கேமை உண்மையிலேயே படித்தவருக்கு அது பலன் தரும். ஒரு சிப்பாய் குறைவான யானை எண்ட்கேமில் பிலிடோர் நிலை தெரிந்தவர் அரைப் புள்ளி எடுத்துவிடுவார். ராஜாவைச் சிப்பாயின் வழியில் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்து மூன்றாவது வரிசையில் வைத்து எதிரி ராஜாவை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும் யானையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர் அந்த எண்ட்கேமுக்குத் தைரியமாகப் போகலாம். எதிரெதிர் நிற மந்திரிகளும் அப்படித்தான். பலகையில் மந்திரிகளும் சிப்பாய்களும் மட்டும் இருந்தால் ஒரு சிப்பாய், சில சமயம் இரண்டு சிப்பாய் குறைவாக இருந்தும் டிரா ஆகும். ஆனால் ராணியோ யானைகளோ கூட இருந்தால் அதே மந்திரிகள் தாக்குகிறவருக்குத்தான் உதவும், ஏனென்றால் அவர் தாக்கும் நிறக் கட்டங்களை உங்கள் மந்திரியால் காக்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல் ‘எதிர் நிறம், டிரா’ என்று நம்பிப் போகிறவர்கள் நிறைய.

அடுத்தது கலவர வழி. இங்கே உள்ள தர்க்கம் வலுவானது. நிலை எவ்வளவு சிக்கலோ அவ்வளவு பெரிய ஆட்டக்காரரும் தவறலாம். அவர் ஒரு தடவை தவறினாலே போதும். தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயைக் கொடுத்து ஆடும் ஓப்பனிங்குக்கு கேம்பிட் என்று பெயர்; கிங்ஸ் கேம்பிட், சிசிலியன் ஓப்பனிங்குக்கு எதிராக ஸ்மித்-மோரா கேம்பிட் போன்றவற்றை இதற்காகச் சிபாரிசு செய்வார்கள். வேக ஆட்டங்களில், அதாவது ரேபிட், பிளிட்ஸில், இதற்கு என் முழு ஆதரவு உண்டு. ஐந்து நிமிடத்தில் யாராலும் எல்லாவற்றையும் கணக்குப் போட முடியாது.

கிளாசிக்கல் ஆட்டத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தொண்ணூறு நிமிடமும் நகர்வுக்கு 30 விநாடி கூடுதலும் கொடுக்கும் ஆட்டத்தில் பலமானவர் அந்தக் கேம்பிட்டை முன்பே பார்த்திருப்பார். பார்க்காவிட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்: சிப்பாயை வாங்கி, தக்க சமயத்தில் திருப்பிக் கொடுத்து, காய்களை வெளியே கொண்டுவந்து, ராணிகளை மாற்றிவிடுவார். அதன் பிறகு மிஞ்சுவது மேலே சொன்ன அதே வறண்ட நிலை. வித்தியாசம் என்னவென்றால் இப்போது உங்கள் அமைப்பு கொஞ்சம் உடைந்திருக்கும். மேலும், கலவரமான நிலையில் கணக்குப் போடும் திறனும் பலமானவருக்குத்தான் அதிகம். அவர் ரேட்டிங் வானத்திலிருந்து விழுந்ததில்லை. குழப்பம் இருவருக்கும் பொது என்றாலும் குழப்பத்தில் வழி கண்டுபிடிப்பது பொது இல்லை.

கேம்பிட்தான் வேண்டும் என்றால் திட்டம் தெளிவாக உள்ள கேம்பிட்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கறுப்புக்கு பென்கோ கேம்பிட் ஓர் உதாரணம். ராணிப் பக்கம் ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு ஓரத்து இரண்டு நிரைகளை (நெடுக்குக் கட்டங்களை) திறந்து அங்கே யானைகளை வைத்து நெடுநேரம் அழுத்துவது. உடனடி அதிரடி எதுவும் இல்லை. ராணிகள் மாறினாலும் அழுத்தம் குறைவதில்லை, பல வரிசைகளில் (நகர்வுத் தொடர்களில்) எண்ட்கேமே கறுப்புக்கு நன்றாக இருக்கும். பலமானவர் ‘ராணியை மாற்றிவிட்டால் முடிந்தது’ என்று எளிதாகத் தப்பிக்க முடியாத கேம்பிட் இது.

திகைக்க வைக்கும் ஓப்பனிங் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1980-இல் ஸ்காராவில் நடந்த ஐரோப்பிய அணிப் போட்டியில் உலக சாம்பியன் கார்ப்போவ் ராஜாவின் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ள, டோனி மைல்ஸ் பதிலுக்கு ராணிப் பக்க ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, கடைசியில் வென்றார். எல்லோரும் இதை உதாரணம் காட்டுவார்கள். மைல்ஸ் ஒரு கிராண்ட்மாஸ்டர் என்பதையும், அந்த முதல் நகர்வுக்குப் பின் வந்த நிலையை எப்படி ஆடுவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் மறந்துவிடுவார்கள். ஐந்தாவது நகர்வில் எதிராளி திகைப்பார், சரி. பதினைந்தாவது நகர்வில் திகைத்து நிற்பது நீங்களாக இருந்தால் என்ன பயன்? முந்தைய இரவு காணொளியில் பார்த்த ஓப்பனிங்கை மறுநாள் காலை போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மிஞ்சுவது வழக்கமான ஆட்டம். நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான், ஆனால் ஒரு சிறு திருத்தத்தோடு: உங்கள் வழக்கமான ஓப்பனிங்குகளுக்குள்ளேயே காய்கள் அதிகம் பலகையில் நிற்கும், இரு பக்கச் சிப்பாய் அமைப்பும் வேறு வேறாக இருக்கும் கிளையை எடுங்கள். கிங்ஸ் இந்தியன், டச்சு ஸ்டோன்வால், பிரெஞ்சு ஓப்பனிங்கில் நடுச் சிப்பாய்கள் பூட்டிக்கொள்ளும் வரிசைகள் போன்றவற்றில் யார் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அமைப்பிலேயே எழுதியிருக்கும். பல வருடம் அதையே ஆடியவருக்கு அடுத்த நகர்வு தெரியாமல் போகும் நேரம் குறைவு. அந்த ஒரு குறுகிய வட்டத்துக்குள் உங்கள் பலம் உங்கள் ரேட்டிங்கைவிட அதிகம். பலமானவருக்குச் செஸ் முழுவதும் அதிகம் தெரியும். ஆனால் நீங்கள் நூறு முறை ஆடிய அந்த ஓர் அமைப்பில் அவர் பத்து முறைதான் ஆடியிருப்பார் என்பது நடக்கக்கூடியதுதான்.

தகவலிலும் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. அவருடைய ஆட்டங்கள் டேட்டாபேஸில் குவிந்து கிடக்கும், உங்களுடையவை விரல் விட்டு எண்ணுமளவுதான் இருக்கும். பேரிங் வந்ததும் அவர் என்ன ஆடுவார் என்று நீங்கள் பார்க்கலாம்; அவரால் உங்களைப் பற்றி அவ்வளவு பார்க்க முடியாது. ஆனால் ஒரு எச்சரிக்கை. பலமானவர்கள் தங்களைவிடக் குறைந்தவரிடம் டிரா ஆகக்கூடிய வரிசைகளைத் தவிர்ப்பார்கள். கறுப்பு ஆடும் பெர்லின் தற்காப்பில் வெள்ளை விரும்பினால் சீக்கிரமே ஒரே நிலையைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து டிரா செய்யும் பாதை ஒன்று உண்டு. அதனால் சமபலம் உள்ளவரிடம் பெர்லின் ஆடுகிற கிராண்ட்மாஸ்டர் உங்களிடம் சிசிலியனோ பிர்க்கோ ஆடலாம். அவருடைய பெரிய ஆட்டங்களை மட்டும் பார்த்துத் தயாரிக்காமல், குறைந்த ரேட்டிங் உள்ளவர்களிடம் அவர் ஆடியதைத் தேடிப் பாருங்கள்.

அவர் அப்படி விலகிப் போவதே உங்களுக்கு ஒரு வாய்ப்பு. டிரா அவருக்குத் தோல்வி மாதிரி. முந்நூறு புள்ளி வித்தியாசத்தில் நீங்கள் ஏறும் ஏழு புள்ளியை, கே-ஃபாக்டர் ஒன்றாக இருந்தால், அவர் இறங்குவார். அதனால் சமமான நிலையில் அவர்தான் ரிஸ்க் எடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் நல்ல நிலையில், காய்கள் நிறைந்த பலகையில் காத்திருந்தால் அந்த ரிஸ்க் சில சமயம் உங்கள் பக்கம் சாயும். காய் வெட்டும் வழியில் அவருக்கு அந்த நெருக்கடியே வருவதில்லை. ஆபத்தில்லாமல் இரண்டு மணி நேரம் அழுத்திப் பார்க்கலாம்.

2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். இரண்டாவது ரவுண்டில் 2839 ரேட்டிங் இருந்த மேக்னஸ் கார்ல்சனை 2512 ரேட்டிங் இருந்த கஜகஸ்தானின் அலிஷெர் சுலேமெனோவ் வென்றார். வித்தியாசம் 327. வெள்ளைக் காய்களோடு ஆடிய அவர் டிராவைத் தேடவில்லை. ராஜாவை நோக்கித் தாக்கினார், கார்ல்சனே எதிராளி அற்புதமாக ஆடி வென்றார் என்று எழுதினார். அதே போட்டியில் பின்னர் நம் முரளி கார்த்திகேயன், கறுப்புக் காய்களோடு கார்ல்சனைத் தோற்கடித்தார். இருவரும் கிராண்ட்மாஸ்டர்கள்தான். ஆனாலும் இடைவெளி இடைவெளிதான், அதை அவர்கள் காய்களைக் குறைத்துக் கடக்கவில்லை.

கடிகாரமும் இந்த முடிவில் ஒரு பகுதி. பலமானவர் எதிரே இருக்கும்போது ஒவ்வொரு நகர்வையும் இருமுறை சரிபார்க்கத் தோன்றும். ஓப்பனிங்கிலேயே நாற்பது நிமிடம் போய்விடும், உண்மையான நெருக்கடி வரும் இருபத்தைந்தாவது நகர்வில் கையில் பத்து நிமிடம்தான் இருக்கும். வழக்கமான ஆட்டத்தை ஆடுவதன் பெரிய லாபமே இந்த நேரம்தான். தெரிந்த பாதையில் வேகமாகப் போய், தெரியாத இடத்தில் நின்று யோசிக்கலாம்.

வித்தியாசம் எவ்வளவு என்பதைப் பொறுத்தும் என் பதில் கொஞ்சம் மாறும். நூறு, நூற்றைம்பது புள்ளி என்றால் எதையுமே மாற்ற வேண்டாம். அது சமமான ஆட்டம் மாதிரிதான். இருநூறிலிருந்து நானூறு வரை மேலே சொன்னது பொருந்தும். நானூறுக்கு மேல் போனால் கலவரத்தின் பக்கம் கொஞ்சம் சாயலாம், ஏனென்றால் அமைதியான வழிகளில் கிடைக்கக்கூடியது மிகக் குறைவு. கடைசி ரவுண்டில் ஜெயித்தால் மட்டுமே பரிசு, டிராவும் தோல்வியும் ஒன்றுதான் என்றால் அப்போதும் அப்படியே. மாறாக, அரைப் புள்ளி வந்தால் நார்ம் (பட்டம் பெறத் தேவையான தகுதி) முடியும் என்ற நிலையில்கூட நான் காய் வெட்டச் சொல்ல மாட்டேன். உங்கள் திடமான வரிசையை ஆடுங்கள். காரோ-கான் தற்காப்பு ஆடுகிறவர் காரோ-கான் ஆடட்டும். டிரா நல்ல நிலையின் விளைவாக வரட்டும்.

டிரா கேட்பது பற்றியும் ஒரு வார்த்தை. சமமான நிலையில் குறைந்த ரேட்டிங்காரர் டிரா கேட்டால், தான் பயப்படுவதை வாய்விட்டுச் சொன்னது போல ஆகிவிடும். பலமானவர் பெரும்பாலும் மறுத்துவிட்டு இன்னும் அழுத்துவார். அவர் கேட்டால் விஷயம் வேறு. முந்நூறு புள்ளி கூடுதலானவர் தானாக அரைப் புள்ளி கொடுக்க முன்வருகிறார் என்றால், பொதுவாக அவருக்குத் தன் நிலை பிடிக்கவில்லை. கேட்டுவிட்ட டிராவை அவரால் திரும்பப் பெற முடியாது. நீங்கள் வாயால் மறுக்கும் வரை, அல்லது ஆடும் எண்ணத்தோடு ஒரு காயைத் தொடும் வரை அது செல்லும். அதுவரை உங்கள் கடிகாரம் ஓடும், அவ்வளவுதான். கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு, அவருக்கு எது பிடிக்கவில்லை என்று நிலையில் தேடுங்கள். அது கண்ணில் பட்டு, உங்களிடம் நேரமும் இருந்தால், மேற்கொண்டு ஆடுங்கள். கண்ணில் படாவிட்டால் கை கொடுத்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவரிடமே கேளுங்கள். கேட்டால் பலர் உட்கார்ந்து விளக்குவார்கள்.